எரிக்கோ வழியில் இரண்டு பேர்



சில நாட்களுக்கு முன் வத்திராயிருப்பில் ஒரு தேநீர்க்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடையில் கிடந்த பத்திரிகையில் ஒரு சங்கிலிப் பறிப்புச் செய்தி. பிடிபட்டவன் போதை மாத்திரைக்கு அடிமையான இளைஞன். பத்திரிகையைச் சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். "இவனையெல்லாம் சுட்டுத் தள்ளணும்" என்றார் ஒருவர். "பாவம், சின்னப் பய. போதையில தெரியாமச் செஞ்சிருப்பான்" என்றார் இன்னொருவர். "அந்தம்மா எதுக்கு விடியுமுன்னே நகையைப் போட்டுக்கிட்டு வெளியே வந்துச்சு?" என்று கேட்டார் மூன்றாமவர்.

அந்த அம்மாள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்க அங்கே ஒரு வாய் திறக்கவில்லை. பேசியவர்களில் இருவர் நம் பங்கைச் சேர்ந்தவர்கள். அவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று; நானும் தேநீரைக் குடித்துவிட்டுக் காசைக் கொடுத்துப் பேசாமல் வந்தவன்தான். பிளவக்கல் வந்து சேரும் மட்டும் அது என் மனச்சாட்சியை உறுத்திக்கொண்டே வந்தது. ஆகையால் இந்த வாரம் இதைப் பற்றியே உங்களோடு பேசத் தீர்மானித்தேன்.

நல்ல சமாரியன் உவமையை நீங்கள் சிறுவயது முதல் கேட்டிருக்கிறீர்கள். ஜெருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போகும் வழியில் ஒரு மனிதன் கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தான். குரு ஒருவர் விலகிப் போனார். லேவியன் ஒருவனும் விலகிப் போனான். சமாரியன் ஒருவனே நின்று, காயத்தில் எண்ணெயும் திராட்ச இரசமும் வார்த்துக் கட்டி, தன் மிருகத்தின் மேல் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசைக் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்குக் கொடுத்தான்.

இந்த உவமையில் சொல்லப்படாத ஒன்றைக் கவனித்தீர்களா? கள்ளர் பயமுள்ள அந்த வழியில் நீ ஏன் தனியே போனாய் என்று காயப்பட்டவனைச் சமாரியன் கேட்கவில்லை. நம் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பாண்டேஜ் துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அந்தத் துணி, தான் சுற்றப்போகும் காயம் யாருடையது, யார் குற்றத்தால் வந்தது என்று விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டியது நீதிமன்றம். கட்டுப்போட வேண்டியது அயலான். நாமோ பெரும்பாலும் கட்டுப்போடும் வேலையை விட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் வேலையை எடுத்துக்கொள்ளுகிறோம்.

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்நகரின் கருணாபுரத்திலும் அக்கம்பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். பெண்களும் சிலர் இருந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் போனதும் பார்மிக் அமிலமாக மாறுகிறது. அது கண் நரம்பைத் தாக்குகிறது. மூச்சையும் மூளையையும் கெடுக்கிறது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி என்று பல ஆஸ்பத்திரிகளில் அந்த ஏழைகள் உயிருக்குப் போராடினார்கள். தாயும் தகப்பனும் ஒருசேர இறந்து அநாதைகளான பிள்ளைகளும் உண்டு.

இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுப்பதாகச் சர்க்கார் அறிவித்தது. அப்போது நாடெங்கும் எழுந்த பேச்சு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "குடித்துச் செத்தவனுக்கு 10 லட்சமா?" என்று கேட்காத தெரு இல்லை. அந்த நிதியை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்திலும் மனுப் போடப்பட்டது.

தொகையைப் பற்றிக் கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. நம் மாவட்டத்தாருக்கு அதில் ஒரு தனி வருத்தமும் உண்டு. 2023-ம் ஆண்டு அக்டோபரில் சிவகாசிக்கு அருகே ரெங்கபாளையத்தில் பட்டாசு விபத்தில் மாண்டவர்களின் குடும்பங்களுக்குச் சர்க்கார் அறிவித்தது 3 லட்சம். உழைத்துக்கொண்டிருக்கும்போது இறந்தவர் வீட்டுக்கு மூன்று, சாராயம் குடித்து இறந்தவர் வீட்டுக்குப் பத்து என்றால், பட்டாசுத் தொழிலாளியின் மனைவி அதைக் கேட்க உரிமையுள்ளவள். அது நீதியைப் பற்றிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஆளுகிறவர்கள் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் தெருவில் எழுந்த பேச்சு பெரும்பாலும் அந்தக் கேள்வியாய் இருக்கவில்லை. அது ஏளனமாய் இருந்தது. "குடும்பத்தோடு குடித்து அழிந்தார்கள், தொலைந்தது பீடை" என்ற பேச்சு அது. பிள்ளைகளே, அந்தப் பணம் இறந்தவனுக்குப் போகவில்லை. இறந்தவனுக்குப் பணம் எதற்கு? அது அவன் விதவைக்கும் குழந்தைக்கும் போயிற்று. அவன் உயிரோடிருந்தபோது கூலியைச் சாராயத்துக்குக் கொடுத்த நாட்களில் பட்டினி கிடந்தவர்கள் அவர்கள்தான். நோஞ்சானாய் வந்த அவனுக்குச் சோறிட்டவர்களும் அவர்கள்தான். அவனுக்கு இட்ட சாபத்தை நாம் அவர்கள் தலையில் கொட்டினோம். சமாரியன் கொடுத்த இரண்டு வெள்ளிக்காசும் வீண்செலவு என்று சத்திரத்து வாசலில் நின்று கத்தினோம்.

நாம் செய்கிற தவறு இரண்டு விதம். அவை ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை போலத் தோன்றும். விளைவோ ஒன்றுதான்.

முதலாவது தவறு, போதைக்கு அடிமையானவனைக் குற்றவாளி என்ற ஒரே பெயரால் அழைப்பது. முதல் தடவை தொடுகிறவன் பெரும்பாலும் தன் இஷ்டத்தால் தொடுகிறான், அதில் பாவமுண்டு. ஆனால் நாளடைவில் சாராயமும் கஞ்சாவும் மாத்திரையும் அவன் மூளையையே பழக்கிவிடுகின்றன. விட நினைத்தால் கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் போகும். சிலருக்கு வலிப்பும் வரும். வைத்திய சாஸ்திரம் இதை நோய் என்கிறது. பழக்கத்தின் வலிமையால் ஒருவனுடைய சுயாதீனம் குறையுமானால் அவனுடைய குற்றத்தின் பொறுப்பும் குறையக்கூடும் என்று திருச்சபையும் போதிக்கிறது. பாவமும் நோயும் ஒரே ஆளிடத்தில் இருக்கக்கூடும். பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம் உண்டு. நோய்க்கு வைத்தியம் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் ஆள் பிழைக்கமாட்டான்.

இதற்கு அத்தாட்சியாகப் பீடத்துக்கு உயர்த்தப்பட்ட ஒரு அர்ச்சியசிஷ்டவரே இருக்கிறார். சீன தேசத்து வைத்தியரான அர்ச். மாற்கு ஜி தியான்சியாங் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். வயிற்று நோய்க்கென்று அபின் எடுத்து, அதற்கே அடிமையானார். மறுபடியும் மறுபடியும் அதே பாவத்தைச் சொல்லி வந்ததால், விட மனமில்லாதவர் என்று நினைத்து அவருடைய ஆன்மகுரு பாவமன்னிப்பைத் தள்ளி வைத்தார். அது நோய் என்பதை அக்காலத்தில் அறியவில்லை. சுமார் 30 வருஷம் அவர் தேவநற்கருணை வாங்காமலே இருந்தார். ஆயினும் கோவிலை விட்டுப் போகவில்லை. 1900-ம் ஆண்டு கலகத்தில் வேதத்துக்காகப் பிடிபட்டபோது, தன் குடும்பத்தில் ஒருவரும் தனியே சாகாதபடி தன்னைக் கடைசியில் கொல்லும்படி கேட்டுக்கொண்டு, தேவமாதாவின் பிரார்த்தனையைப் பாடிக்கொண்டே வேதசாட்சியாய் இறந்தார். 2000-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்தார்.

முப்பது வருஷம் பந்திக்கு வெளியே நின்ற ஒருவர் மோட்சத்தில் முன் வரிசையில் இருக்கிறார். நம் கோவில் வாசலில் தள்ளாடி நிற்பவனைப் பார்த்து முகம் சுளிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த விஷயத்தில் முற்றிலும் கடுமையானதன்று. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்றொரு பிரிவு உண்டு. உபயோகித்த குற்றத்துக்கோ, சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான அடிமை ஒருவன், அங்கீகாரம் பெற்ற இடத்தில் தானாக வந்து சிகிச்சை பெற்றால் அவனை வழக்கிலிருந்து விலக்க அது இடம் கொடுக்கிறது. சிகிச்சையை முடிக்காமல் ஓடிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். சட்டம் திறந்து வைத்த கதவை, "ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும்" என்று வீட்டார் சாத்திவிடுகிறார்கள்.

இரண்டாவது தவறு இதைவிட மறைவானது. இரக்கமுள்ளவர்கள் செய்கிற தவறு அது. அதைச் செய்தவன் நான்.

முன்பு நான் இருந்த ஒரு பங்கில், தென்னந்தோப்பில் வேலை செய்து பிழைத்த ஒரு விதவைத் தாயார் இருந்தார். அதே தெருவில் ஒரு வாலிபன் வலி மாத்திரையைப் போதைக்குப் பயன்படுத்தப் பழகியிருந்தான். ஒரு மாலையில் அவன் பின்னாலிருந்து வந்து, அவர் காதிலிருந்த கம்மலைப் பிடித்து இழுத்தான். காது மடல் அறுந்துபோயிற்று. பையன் பிடிபட்டான், பிறகு சிகிச்சைக்குப் போனான், சில மாதத்தில் தெளிந்த முகத்தோடு திரும்பி வந்தான். நான் மட்டற்ற சந்தோஷத்தோடு ஞாயிறு பூசையில் ஊதாரிப் பிள்ளையைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். ஜனங்கள் கண் கலங்கினார்கள்.

பூசை முடிந்ததும் அந்தத் தாயார் என்னிடம் வந்தார். முக்காட்டை விலக்கிக் காதைக் காட்டினார். "பய திருந்திட்டான்னு சொன்னீங்க, சந்தோசந்தான் சாமி. ஆனா எங் காதை இன்னைக்கு வரைக்கும் யாரும் பாக்கலியே" என்றார். மேற்கொண்டு, "இருட்டுனப்புறம் கம்மலைப் போட்டுக்கிட்டு ஏன் போனேன்னுதான் எல்லாரும் கேட்டாக" என்றார். அவ்வளவுதான். கோபமாய்க்கூடச் சொல்லவில்லை.

நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். ஒரு வருஷத்தில் அந்தப் பையனின் வீட்டுக்குப் பத்துத் தடவை போயிருப்பேன். நாலு வீடு தள்ளியிருந்த அந்தத் தாயாரின் வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. அவர் இன்னும் தனியே நடக்கப் பயப்படுகிறார் என்பதும், தோப்பு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எரிக்கோ வழியில் இரண்டு பேர் கிடந்தார்கள். ஒருவனைத் தூக்க நான் அவசரப்பட்டதில் மற்றவரைத் தாண்டிப் போயிருந்தேன்.

இரண்டு தவறும் முடிவில் ஒன்றே என்று சொன்னேன் அல்லவா? "சுட்டுத் தள்ளு" என்பவனும் பாதிக்கப்பட்டவரைப் பார்ப்பதில்லை. "பாவம் பையன்" என்பவனும் பார்ப்பதில்லை. இருவர் கண்ணும் குற்றம் செய்தவன் மேலேயே இருக்கிறது.

அப்படியானால் திருந்தினவனுக்கு என்ன சொல்வது? இதற்கு அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரத்துக் கூலியாள் ஒருவர் வழி காட்டுகிறார். அவர் பெயர் மாட் டால்பட். 1856-ல் பிறந்து, ஏறக்குறைய 12 வயதிலேயே குடியில் விழுந்தவர். குடிக்கக் காசில்லாத ஒரு நாளில், தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவருடைய பிடிலைத் திருடி விற்றுக் குடித்தார். 1884-ல், தமது 28-ம் வயதில், குடிப்பதில்லை என்று ஆண்டவர் முன்னிலையில் வாக்குக் கொடுத்து, 1925-ல் மரிக்கும் வரை அதைக் காப்பாற்றினார். பழைய கடன்களையெல்லாம் தேடித் தேடித் தீர்த்தார். அந்தப் பிடில்காரரையும் நகரமெல்லாம் தேடினார், காணவில்லை. கடைசியில் அவருக்குரிய பணத்தை அவருக்காகப் பூசை செய்விக்கக் கொடுத்தார். 1975-ல் திருச்சபை இவருக்கு வணக்கத்துக்குரியவர் என்ற பட்டம் கொடுத்தது.

மாட் டால்பட் பாவமன்னிப்புப் பெற்றதோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் பாவம் தீர்கிறது. பறித்த பொருள் திரும்பிப் போவதில்லை. அதைத் திருப்பிக் கொடுக்கும் கடன் ஏழாம் கற்பனையின்படி நம் மேல் நிற்கிறது. ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட சக்கேயு, அந்தச் சந்தோஷத்தில் ஏமாற்றி வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான். மனந்திரும்பினவனிடம் இதை எடுத்துச் சொல்வது கடுமையன்று. அவனை மனிதனாக மதிப்பதாகும். "நீ நோயாளி, உனக்கு ஒரு பொறுப்பும் இல்லை" என்று சொல்வதே அவனைச் சிறுமைப்படுத்துவது.

அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். அவன் தலை குனிந்து ஒப்புக்கொண்டான். மில் வேலைக்குப் போய் மாதம் 500 ரூபாய் வீதம் என் கையில் கொடுத்தான். நான் கொண்டுபோய் அந்தத் தாயாரிடம் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். நான் அந்தப் பங்கை விட்டு வரும் வரையில் அவனை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் கேட்கவில்லை. மன்னிப்பு கிறிஸ்தவனின் கடமை, உண்மைதான். ஆனால் காயப்பட்டவரை அவசரப்படுத்தி வாங்குவது மன்னிப்பாகாது. அது இன்னொரு பறிப்பு. அவருக்கு வேண்டிய வரத்தை ஆண்டவர் தம் வேளையில் தருவார். இருவர் சம்மதத்தோடும் இதைச் சொல்லுகிறேன்; யார் என்று தேடவேண்டாம்.

இனி, ஒரு வீட்டுக்குள்ளேயே காயப்படுகிறவர்களைப் பற்றி. குடிகாரன் வீட்டில் அடிபடும் மனைவியிடம், "என்ன இருந்தாலும் புருஷன், பொறுத்துப் போ; கோவிலில் கட்டின தாலி" என்று புத்தி சொல்லுகிறவர்கள் நம்மில் அநேகர். வேதத்தின் பெயரால் அப்படிச் சொல்லாதீர்கள். கணவனால் மனைவியின் உடலுக்கோ ஆத்துமத்துக்கோ, பிள்ளைகளுக்கோ பெரும் ஆபத்து உண்டானால், அவள் பிரிந்து வாழ நியாயமுண்டு என்று திருச்சபைச் சட்டத்தின் 1153-ம் பிரிவு சொல்லுகிறது. தாமதித்தால் ஆபத்து என்ற நிலையில், மேற்றிராணியாரின் தீர்ப்பு வருமுன்னே அவள் தானாகவே வெளியேறலாம். விவாகம் அழியாது, அதற்காக அவள் அழியவேண்டியதில்லை. அப்படிப்பட்ட தாயோ பிள்ளையோ நள்ளிரவில் வந்து தட்டினாலும் என் வீட்டுக் கதவு திறக்கும். உங்கள் கதவும் திறக்கட்டும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "குடிகாரன் மகன்", "கஞ்சா விற்றவன் தங்கச்சி" என்ற பட்டப்பெயரைப் பள்ளிக்கூடத்திலும் ஞானோபதேச வகுப்பிலும் நான் கேட்டிருக்கிறேன். பெண் பார்க்கப் போகுமிடத்திலும் அதே பேச்சு. தகப்பன் குடித்த விஷத்துக்கு மகள் ஏன் விலை கொடுக்கவேண்டும்?

கள்ளக்குறிச்சியின் இன்னொரு பாடத்தையும் மறக்கக்கூடாது. அந்தச் சாராயம் நடுக்காட்டில் விற்கப்படவில்லை. நகரத்துக்குள்ளே, ஜனங்கள் குடியிருக்கும் தெருவிலே விற்கப்பட்டது. அதன்பின் அதே ஜூன் மாதத்தில் சட்டசபை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கிற்று. நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிற்று. இவை அவசியமானவை. ஆனால் விற்கிறவன் யாரென்று தெரிந்தும், "நமக்கெதற்கு வம்பு" என்று ஊரார் மௌனமாயிருக்கும் இடத்தில் எந்தச் சட்டமும் தாமதித்தே வந்து சேரும். வாங்கிக் குடித்தவனை ஏசுகிற வாய், விற்றுக் கொழுத்தவன் திருவிழாவுக்கு நன்கொடை கொடுக்கும்போது மூடிக்கொள்ளுகிறது. அப்படிப்பட்ட நன்கொடை நம் கோவிலுக்கு வேண்டாம் என்று இதன் மூலம் அறிவிக்கிறேன்.

பிரியமானவர்களே, கேட்டதோடு நின்றுவிடாமல் செய்யவேண்டியவை சில உண்டு.

போதைக்கு அடிமையானவர் வீட்டில் இருந்தால் ஒளிக்காதீர்கள். 14446 என்ற எண்ணில் காசு செலவின்றி ஆலோசனை கேட்கலாம். மாந்திரீகத்துக்கும், கட்டிப்போட்டு அடிக்கிற இடங்களுக்கும் அனுப்பாதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரி மனநல வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மறுபடி விழுந்தாலும் மறுபடி கொண்டுபோங்கள். அடிபடும் பெண்கள் 181 என்ற எண்ணையும், பிள்ளைகளுக்காக 1098 என்ற எண்ணையும் கூப்பிடலாம்.

குற்றத்தால் காயமோ இழப்போ அடைந்து மறுவாழ்வு தேவைப்படுவோருக்கு இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அதற்கு மனுக் கொடுக்கவேண்டும். நம் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் தூரத்தில் இல்லை; ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, கூடப் போய்வர நம் வாலிபர் சபையிலிருந்து இருவர் முன்வரும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

கடைசியாக, மிகவும் எளிதான ஒன்று. இந்த வாரத்தில் உங்கள் தெருவில் நகை பறிகொடுத்தவர், அடிபட்டவர், குடியால் துணையை இழந்தவர் யாராவது இருந்தால் அவர் வீட்டுக்கு ஒரு தடவை போங்கள். புத்தி சொல்லாதீர்கள். ஏன் போனாய், ஏன் போட்டாய் என்று கேட்காதீர்கள். "இப்ப எப்படி இருக்கீக?" என்று மட்டும் கேட்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருங்கள். நானும் போகிறேன்.

எரிக்கோ வழியில் விழுந்து கிடப்போர் அனைவரையும் தேவமாதாவின் அடைக்கலத்தில் வைக்கிறேன். பறித்தவனுக்கு மனந்திரும்பும் வரமும், பறிகொடுத்தவருக்கு ஆறுதலும், தாண்டிப் போகிற நமக்கு நிற்கும் கால்களும் ஆண்டவர் தந்தருள்வாராக. ஆமென்.

உங்கள் ஞான நன்மையைக் கோரும்,
பங்குக் குரு